வெயிலும் வயிறும்: மலாக்காத் தமிழருக்கு வைட்டமின் டி சொல்லும் சேதி

மலாக்காவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல; ஏறத்தாழ 1 மணி 10 நிமிடத்துக்கு. ஊர் இருப்பது 102 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்கு உரிய நேரத்தில். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தபோது இந்த இடைவெளி இன்னும் கூடியது.

வைட்டமின் டி பற்றிய பேச்சை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம் தோலில் அந்த வைட்டமின் உண்டாக, 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா பி கதிர் மேலே விழ வேண்டும். சூரியன் தாழ்ந்து நிற்கும்போது வானத்து ஓசோன் அந்தக் கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வேளைதான் தோதான வேளை. மலாக்காவில் அது காலை 10 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மாலை 4 மணிவாக்கில் முடிகிறது. காலை 7.30க்குக் குடியிருப்புத் தாமானின் பூங்காவைச் சுற்றி வருபவர்கள் "இளவெயில் உடம்புக்கு நல்லது" என்பார்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அந்த நடை நல்லதுதான். வைட்டமின் டி கணக்கில் அது சேராது. சூரியன் உதித்தே அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

தோட்டத்தில் உழைத்த நம் பெரியவர்கள் வெயிலிலேயே கிடந்தவர்கள், அவர்களுக்கு இந்தக் குறையெல்லாம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் எழுந்தது: 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார், அடுத்து ஜாசின் பக்கம் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் வந்தது. பின்னால் அலோர் காஜா, ஜாசின் வட்டாரமெங்கும் பரவிய தோட்டங்களுக்குத் தமிழர் வந்து சேர்ந்தார்கள். பால்வெட்டு இருட்டில் தொடங்கும் வேலை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, கையில் உளி. இரவெல்லாம் நீர் நிறைந்த மரத்தின் உள்ளழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏறி இலை வழியே நீர் ஆவியாகத் தொடங்கினால் அழுத்தம் தணிந்து பால் குறைந்துவிடும். நிரை நிரையாக வெட்டி முடித்து, மங்கில் வடிந்ததை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும்போதுதான் சூரியன் தலைக்கு மேல் ஏறியிருக்கும். அதுவரை கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, தலையில் துணி, அதற்கும் மேலே அடர்ந்த கித்தா (ரப்பர்) இலை. ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும் சில வாரங்களில் மட்டும் அந்த நிழல் விலகும். வெளிக்காட்டு வேலை பார்த்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு நாள் முழுக்க நேர் வெயில். ஒரே லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்த இரண்டு வீட்டாருக்கு இரண்டு விதமான வெயில் கிடைத்தது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இரண்டுமே குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் வந்தன. 1970களில் தொடங்கிய பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகள் தோட்டத்துப் பிள்ளைகளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயின. குளிர்சாதன அறையில் 12 மணி நேர ஷிப்ட், இரவு வேலை முடிந்தால் பகலில் தூக்கம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காய்ந்தாலும் பயனில்லை, கண்ணாடி புறஊதா பி கதிரைத் தடுத்துவிடும். போதாததற்குத் தோலின் நிறம். 1982இல் லான்செட் இதழில் வந்த ஒரு சோதனையில், வெள்ளைத் தோலில் உண்டான அளவுக்கு வைட்டமின் டி கறுத்த தோலில் உண்டாக ஆறு மடங்கு கதிர் தேவைப்பட்டது. நம் மாநிறம் இரண்டுக்கும் இடையே எங்கோ நிற்கிறது.

பலன் ரத்தத்தில் தெரிகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் கோலாலம்பூர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களைச் சோதித்தபோது, இந்தியர்களில் ஐவரில் நால்வருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. சீனர்களில் நால்வரில் ஒருவருக்கு. 4 முதல் 12 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளிவந்த கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அளவு போதவில்லை. பூமத்திய ரேகையிலிருந்து இரண்டே பாகை தள்ளி வாழும் மக்கள் நாம்.

இவ்வளவும் தோலின் கதை. வைட்டமின் டி-யைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் நமக்கு அதிகம் தேவைப்படுவது இதற்கு அடுத்த அத்தியாயம், குடலின் கதை.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மீனிலோ முட்டையிலோ மாத்திரையிலோ வந்தால், அது உடம்புக்குள் நுழையக் கல்லீரலின் பித்தநீர் வேண்டும், கணையத்தின் சாறு வேண்டும், சிறுகுடலின் உட்சுவர் நலமாக இருக்க வேண்டும். நுழைந்த பிறகு கல்லீரல் அதை ஒருமுறை மாற்றுகிறது. ரத்தச் சோதனையில் அளப்பது அந்த வடிவத்தைத்தான். சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றி வீரியமுள்ளதாக்குகிறது. அந்த வீரிய வடிவம் திரும்பி வந்து முதலில் வேலை செய்யும் இடங்களில் ஒன்று அதே சிறுகுடல். அங்கே சுண்ணாம்புச் சத்தை இழுக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. போதிய வைட்டமின் டி இருந்தால் உணவிலுள்ள சுண்ணாம்பில் 30 முதல் 40 விழுக்காடு வரை உள்ளே போகும். இல்லாவிட்டால் 10, 15 விழுக்காடுதான். எலும்பு நோய் என்று நாம் நினைக்கும் ரிக்கெட்ஸ் உண்மையில் குடலில் தொடங்கும் நோய்.

குடல் வெறும் வாசல் மட்டுமல்ல. வைட்டமின் டி-யை அடையாளம் காணும் ஏற்பி 1969இல் கோழிக்குஞ்சின் குடலில்தான் கண்டறியப்பட்டது. பெருங்குடலின் உட்சுவரிலும் எதிர்ப்பாற்றல் அணுக்களிலும் அந்த ஏற்பி உண்டு. சுவரின் அணுக்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளைப் பேணுவதிலும், கிருமியைக் கொல்லும் கேத்தலிசிடின் என்ற புரதத்தைச் சுரக்கச் செய்வதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் இதில் இடமுண்டு. கனடாவில் 21 பெண்களுக்கு ஒரு வாரத்தில் மூன்று முறை தோலில் மட்டும் புறஊதா பி கதிர் பாய்ச்சினார்கள். வைட்டமின் மாத்திரை சாப்பிடாதவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகியிருந்தன. 2019இல் வந்த சிறிய ஆய்வு. அதை வைத்துக் கோட்டை கட்டக்கூடாது. ஆனால் தோலில் படும் ஒளி குடல்வரை எட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

உணவின் காரணமாகவும் உடம்பிலுள்ள வைட்டமின் டி கரைந்துபோகும் வழி ஒன்று இருக்கிறது. 1960களில் கிளாஸ்கோ நகரில் குடியேறிய தெற்காசியப் பிள்ளைகளிடம் ரிக்கெட்ஸ் பரவலாக இருந்தது கண்டு மருத்துவர்கள் திகைத்தார்கள். மங்கிய வெயில் ஒரு காரணம்; சப்பாத்தி மாவு இன்னொன்று. முழுக் கோதுமையிலுள்ள ஃபைட்டேட் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு போதாமல் போனால் உடம்பு வீரிய வடிவத்தைக் கூடுதலாகச் செய்யும். அதன் விளைவாகச் சேமிப்பிலுள்ள வைட்டமின் டி வேகமாகச் சிதையும். இந்த இயக்கம் 1987இல் நேச்சர் இதழில் விளக்கப்பட்டது. திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வுகளும் இதையொட்டியே பேசின. வயலில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் கிராமத்தாரிடமும் குறைவு தென்பட்டது. அவர்கள் உணவில் சுண்ணாம்பு சொற்பம், ஃபைட்டேட் அதிகம்.

இது நம் வீட்டுக்கும் பொருந்தும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. டாக்டர் சொன்னார் என்று இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்த வீடுகள் எத்தனை! சப்பாத்தியை விடச் சொல்லவில்லை. கூடவே ஒரு கிண்ணம் தயிரோ, முள்ளோடு மெல்லும் நெத்திலியோ, முருங்கைக்கீரையோ இருக்கட்டும். இட்லி மாவு புளிக்கும்போது ஃபைட்டேட் குறைகிறது என்பது நம் பாட்டிமார் அறியாமலே செய்த உதவி.

இனி நோய்க்கு வருவோம். குடல் அழற்சி நோய் என்பது குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வது. மாதக்கணக்கில் பேதி, மலத்தில் ரத்தம், வயிற்றுவலி, எடைக் குறைவு என்று வாட்டும். இந்த நோய்க்கு மலேசியாவின் முதல் மக்கள்தொகை சார்ந்த கணக்கெடுப்பு ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டு 2015இல் வெளியானது. இலட்சம் பேருக்கு எத்தனை நோயாளிகள் என்று பார்த்தால் மலாய்க்காரரில் 7.00, சீனரில் 6.90, இந்தியரில் 24.91. மூன்று மடங்குக்கும் மேல். கிந்தாவின் தோட்டத் தமிழருக்கும் ஜாசின் தோட்டத் தமிழருக்கும் சமையலும் வரலாறும் பெரும்பாலும் ஒன்றே.

இந்த எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். மலாக்கா மாநிலத்தின் இந்தியர் ஐம்பதாயிரம் சொச்சம். அதே விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் மாநிலம் முழுவதிலும் நோயாளிகள் ஒரு பள்ளி பஸ்ஸில் பாதியைக்கூட நிரப்ப மாட்டார்கள். அரிதான நோய்தான். ஆனால் அரிதானது என்பதாலேயே "கேஸ்ட்ரிக்", "மூலம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படும் ஆபத்து அதிகம்.

இந்தியருக்கு ஏன் கூடுதல்? வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்று உடனே முடிச்சுப் போட ஆசை வரும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலும் 1992இல் வந்த ஆய்வு, இந்தியக் குடியேறிகளிடம் பெருங்குடல் புண் அழற்சி வெள்ளையரைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அங்கே வெயில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஈப்போவில்? அதே வெயிலின் கீழ்தான் மலாய்ப் பெண்களும் உடலை மூடிய உடையில் நடக்கிறார்கள். அந்தக் கோலாலம்பூர் ஆசிரியர் ஆய்வில் மலாய்க்காரர் நால்வரில் மூவருக்குப் பற்றாக்குறை, கிட்டத்தட்ட இந்தியர் அளவுக்கே. ஆனால் குடல் அழற்சி அவர்களிடம் குறைவு. ஆகவே வைட்டமின் டி மட்டுமே விளக்கம் என்றால் கணக்கு உதைக்கிறது. மரபணு, உணவு, குழந்தைப் பருவத்துக் கிருமிகள் என்று வேறு பல இதில் கலந்திருக்கின்றன.

காரணமா, விளைவா என்பதுதான் இங்கே முதன்மையான கேள்வி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வை இதற்காகவே திரும்பத் திரும்பப் படிக்கலாம். குரோன் நோயாளிகள் 34 பேர், ஒப்பிடுவதற்கு அழற்சி இல்லாத குடல் எரிச்சல் கோளாறு உள்ளவர்கள் 34 பேர். முதல் கூட்டத்தின் வைட்டமின் டி சராசரி மில்லிலிட்டருக்கு 16.3 நானோகிராம், இரண்டாம் கூட்டத்துக்கு 22.8. நோய் முற்ற முற்ற வைட்டமின் டி இறங்கியது. அதோடு இன்னொன்றையும் அவர்கள் கேட்டுக் குறித்திருந்தார்கள்: நோயாளிகள் வெயிலில் இருந்த நேரமும் குறைவு. நாளுக்குப் பத்துமுறை கழிப்பறைக்கு ஓடுபவர் வீட்டைவிட்டு எங்கே போவார்? உடல் மெலிந்து, ரத்தம் குறைந்து, மீனும் பாலும் ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் அடங்கியவருக்கு எல்லா வழியிலும் வைட்டமின் டி குறையும். குரோன் நோய் அதிகம் தாக்குவது சிறுகுடலின் கடைப்பகுதியை. பித்த உப்புகள் திரும்ப உறிஞ்சப்படும் இடமும் அதுவே. அது கெட்டால் கொழுப்பும் அதில் கரையும் வைட்டமின்களும் உள்ளே போவது குறைகிறது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் செவிலியர் 72,719 பேரை நெடுநாள் தொடர்ந்த ஆய்வில், வைட்டமின் டி அளவு கூடுதலாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்குப் பின்னாளில் குரோன் நோய் வருவது குறைவாகவே இருந்தது. நோய்க்கு முந்திய அளவு என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. பிட்ஸ்பர்க்கில் 965 குடல் அழற்சி நோயாளிகளை ஐந்தாண்டு கவனித்தபோது, வைட்டமின் டி குறைந்தவர்களே அதிக வலி கண்டார்கள், ஸ்டீராய்டும் அவர்களுக்கே அதிகம் தேவைப்பட்டது. ஆனால் மாத்திரை கொடுத்துச் சோதித்தபோது? டென்மார்க்கில் நோய் அடங்கியிருந்த குரோன் நோயாளிகள் 94 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1,200 அலகு கொடுத்ததில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 29 விழுக்காடு, வைட்டமின் பெற்றவர்களில் 13 விழுக்காடு. நம்பிக்கை தரும் எண். புள்ளிவிவர எல்லைக்கோட்டை மட்டும் அது மயிரிழையில் தாண்டவில்லை. குடல் எரிச்சல் கோளாற்றுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 12 வாரம் நாளுக்கு 3,000 அலகு கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது, வயிறு மாறவில்லை. பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று 2,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய அமெரிக்கச் சோதனை 2015இல் இல்லை என்றது. 25,871 பேர் கலந்துகொண்ட வைட்டல் என்ற வைட்டமின் டி சோதனையில் புற்றுநோய் குறையவில்லை. அதே சோதனையின் தொடர்ச்சியாக 2022இல் வந்த முடிவில், எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்கும் நோய்கள் 22 விழுக்காடு குறைந்திருந்தன. இத்தனைக்கும் பிறகு நான் எடுக்கும் முடிவு இது: குறைவை நிரப்ப வேண்டும், எலும்புக்காகவாவது. வயிற்றுக் கோளாற்றுக்கு அதுவே மருந்து என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

மலாக்காத் தமிழர் வீட்டில் சொல்லும் "கேஸ்ட்ரிக்" பெரும்பாலும் வேறு கதை. வயிற்றில் புண்ணாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி மலேசிய இந்தியரிடம் அதிகம், மலாய்க்காரரிடம் மிகக் குறைவு என்பதை மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீயும் ந. பராசக்தியும் 2001இல் விளக்கமாக எழுதினார்கள். அதற்கு ஒரு மூச்சுச் சோதனை போதும், இரண்டு வார மருந்து போதும். வைட்டமின் டி சோதனைக்குச் செலவழிப்பதைவிட அது பயன் தரும்.

தோட்டத்து வயிற்றுக்குப் பழைய கணக்குகளும் உண்டு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளையின் குழு மருத்துவர் டார்லிங் தலைமையில் மலாயாவில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. வெறுங்காலோடு நடந்த தொழிலாளியின் ரத்தத்தை அந்தப் புழு குடலிலிருந்து குடித்தது. கொக்கிப்புழு போனது, சம்சு என்ற மலிவுச் சாராயம் நிலைத்துவிட்டது. நாள்பட்ட குடி கல்லீரலைச் சுருக்கும், கணையத்தைக் கெடுக்கும். கணையச் சாறு நின்றால் கொழுப்பு செரிக்காது. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். வைட்டமின் டி-யும் அதோடு வெளியே போய்விடும். இப்படிப்பட்டவருக்கு மாத்திரை கொடுத்தாலும் அளவு எளிதில் ஏறாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்றால் மருத்துவர் குடலையும் கணையத்தையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். குறைந்த எண் நோயின் பெயரல்ல. எங்கே தேட வேண்டும் என்று காட்டும் குறி. நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கல், குடல் காசநோய். குரோன் நோயும் அதுவும் ஒரே இடத்தில், ஒரே தோற்றத்தில் வரும். குரோனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு காசநோயை வெடிக்கச் செய்துவிடும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. மலேசிய ஆய்வகங்களின் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு நானோமோல். சென்னையிலோ மதுரையிலோ எடுத்தால் மில்லிலிட்டருக்கு நானோகிராம். முதலாவதை 2.5ஆல் வகுத்தால் இரண்டாவது கிடைக்கும். இங்கே 50 என்றால் அங்கே 20, இரண்டும் ஒன்றே. அலகைப் பார்க்காமல், ஊருக்குப் போயிருந்தபோது 22 வந்தது, இங்கே 55 ஆகிவிட்டது என்று மகிழ்ந்தால் ஏமாற்றம்தான். ஊரிலிருந்து வரும் 60,000 அலகு கேப்ஸ்யூலும் அப்படியே. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொடுத்ததை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி மலச்சிக்கல், குமட்டல், வாந்தி, சிறுநீரகக் கல் என்று முடியும். வயிற்றுக்காகச் சாப்பிட்ட மருந்து வயிற்றையே கெடுக்கும்.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2017 பரிந்துரை பெரியவர்களுக்கு நாளுக்கு 600 அலகு, முதியோருக்கு 800. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 40 அலகுதான். கெம்போங், மத்தி போன்ற கொழுப்பு மீன்களும் சத்தூட்டிய பால்மாவும் மீதியில் ஒரு பங்கைத் தரும். மற்றது வெயிலின் வேலை. மதிய இடைவேளையில் கையும் காலும் வெயிலில் பட வாரத்தில் சில நாள் பத்து இருபது நிமிடம் நடந்தால் நல்லது. குடல் கெட்டவருக்கு இந்த வழி இன்னும் நல்லது, ஏனென்றால் தோலில் உண்டாகும் வைட்டமின் குடல் வாசலுக்கே வருவதில்லை. அசத்தியோபிரின் சாப்பிடுகிற குடல் அழற்சி நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வெயிலுக்குப் போகட்டும். அந்த மருந்து தோலை வெயிலுக்கு நொய்யதாக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் அல்ல, எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

நலமாக இருப்பவர் எல்லோரும் ரத்தம் கொடுத்து அளந்து பார்க்கத் தேவையில்லை. 2024இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் அதையே சொன்னது. ஆனால் நான்கு வாரத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, மிதக்கும் வெளுத்த மலம், இவற்றில் எதுவும் இருந்தால் பார்மசியில் வைட்டமின் டப்பாவைத் தேடாதீர்கள். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். மூலம் என்று நீங்களே பெயர் வைக்காமல், எத்தனை வாரமாக, நாளுக்கு எத்தனை முறை, ரத்தம் எப்படி வருகிறது என்பதைச் சொல்லி, மலாக்கா பொது மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.